மூன்று மணிப் பால்

கப்பலூர் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த கம்பெனியில் விஷத்துக்கு ஒரு முறிவு வைத்திருந்தார்கள். ரசாயனத் தொட்டி ஓரத்தில் நிற்கிற ஆளுக்கு ஒரு பெரிய டம்ளர் பால். தினமும் மூன்று மணிக்கு வரும். அதைப் பற்றிப் பேசும்போது முதலாளியின் நெஞ்சு இரண்டு அங்குலம் விரியும். "எந்தக் கம்பெனிலம்மா பாலு குடுக்கிறான்? நான் குடுக்கிறேன்ல?" என்பார். விஷத்தைக் கொடுப்பதும் அவர்தான் என்பதை யாரும் அவருக்கு எடுத்துச் சொன்னதாகத் தெரியவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டுத் தல்லாகுளத்து வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்பா எனக்கு மாப்பிள்ளை தேடி முடிப்பதற்குள் நான் எனக்கு வேலை தேடி முடித்துவிட்டேன். வேலைக்குப் பெயர் லேப் கெமிஸ்ட். லேப் என்பது குடோன் மூலையில் ஒரு மேசை, ஒரு தராசு, ஒரு டஜன் காலி ஊறுகாய் பாட்டில். படித்த பொம்பளை என்றால் டீச்சராகத்தான் இருக்க வேண்டும் என்பது அங்கிருந்தவர்களின் முடிவு. அதனால் எல்லோருக்கும் நான் டீச்சரம்மா.

மில்களிலிருந்து பழைய இயந்திரங்களின் மூடிகளும் சட்டங்களும் எங்களிடம் வரும். பழைய பெயிண்டை உரித்துப் புதுப் பெயிண்ட் அடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். இரும்பு என்றால் காஸ்டிக் சோடாவில் போட்டுக் கொதிக்க வைக்கலாம். அலுமினியத்தைப் போட்டால் சோடா பெயிண்டோடு அலுமினியத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். அதனால் அலுமினியத்துக்கு மட்டும் டிரம்மில் வரும் மெதிலீன் குளோரைடு. ஊற்றிய கால் மணி நேரத்தில் பெயிண்ட் அப்பளம் மாதிரிப் பொங்கி எழும்பும். கையில் பட்டால் ஜில்லென்று ஆவியாகிவிடும் என்பதால் ஆட்கள் அதற்கு ஐஸ் தண்ணி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

நாற்பது டிகிரியில் கொதிக்கிற திரவம் அது. சித்திரையில் மதுரையும் அதே நாற்பதில்தான் கொதிக்கும். டிரம் மூடியைத் திருகினால் புஸ்ஸென்று சீறும். குளிர் தேசத்துக்காரன் கண்டுபிடித்ததைக் கத்திரி வெயிலில், தகரக் கூரைக்கு அடியில் திறந்து வைத்த மேதாவிகள் நாங்கள். அதிலும் ஒரு சிறப்பு, தொட்டியைத் தரையில் இடுப்பளவு ஆழத்துக்குக் குழி வெட்டிக் கட்டியிருந்தார்கள். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. எங்கும் போகாமல் குழிக்குள்ளேயே படுத்துக் கிடக்கும். விழுந்த சாமானை எடுக்க ஆள் குனிந்தால் தலை நேரே அதற்குள்தான் போகும்.

தொட்டி வேலை திருவாதவூர்க்காரர் ஒருவருடையது. வயது முப்பத்தைந்து இருக்கும். இரண்டு வருஷம் தொடர்ந்து மழை ஏமாற்றியதில் இருந்த ஒரே மாட்டையும் விற்றுவிட்டு இங்கே வந்தவர். நான் சேர்ந்த இரண்டாவது வாரமே அவர் தொட்டி ஓரத்தில் மயங்கி விழுந்தார். வெளிக் காற்றுக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டதும் எழுந்து உட்கார்ந்தார். முதலாளி எட்டிப் பார்த்து, "வெறும் வயித்துல வந்திருப்பான். இன்னொரு அரை டம்ளர் பாலு குடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் அறைக்குள் போய்ப் படித்ததை எல்லாம் கொட்டினேன். அடைத்த அறையில் கரியடுப்புப் புகை என்ன செய்யுமோ அதை இந்தத் திரவம் ரத்தத்துக்குள்ளேயே செய்கிறது, ஒரு நாள் இதயம் நின்றால் நின்றதுதான் என்றேன்.

"அதுக்குத்தானம்மா பாலு குடுக்கிறோம்?"

"பாலு வயித்துக்குப் போகுது. புகை நெஞ்சுக்குப் போகுது. ரெண்டும் எந்த பஸ் ஸ்டாண்டுல சார் சந்திக்கும்?"

சிரித்தார். படித்த பிள்ளைகளுக்கு வாய் ஜாஸ்தி என்றார். வேறு ஏதாவது இருந்தால் கண்டுபிடி, அதற்குத்தானே சம்பளம் என்றார். சரி, கண்டுபிடிக்கிறேன் என்று வந்துவிட்டேன்.

நாலு மாதம் ஊறுகாய் பாட்டில்களோடு மாரடித்தேன். பெயிண்ட் அடித்த தகடுகளைத் துண்டு துண்டாக வெட்டி, நூலில் கட்டி, ஒவ்வொரு பாட்டிலிலும் தொங்கவிடுவேன். தின்னர் வேலை செய்தது. ஆனால் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று சிகரெட் பிடிப்பது முதலாளியின் வழக்கம், கம்பெனியே கொளுந்துவிட்டு எரியும். மண்ணெண்ணெய் தூசியைத் துடைத்ததோடு சரி. கடைசியில் கீழமாசி வீதியில் வாசனைச் சரக்கு விற்கும் ஒரு கடையில் பென்சைல் ஆல்கஹால் கிடைத்தது. கண்ணில் படக்கூடாது, தோலில் பட்டால் எரியும். ஆனால் லேசில் ஆவியாகாது, ஆளை அடித்துக் கீழே தள்ளாது. அலுமினியத்தையும் தொடவில்லை. பெயிண்ட் தோல் உரிகிற மாதிரி உரிந்து பாட்டிலின் அடியில் கிடந்தது.

தொட்டிக்காரர் வந்து பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். "பேருல ஆல்கஹால் இருக்கே டீச்சரம்மா. கொஞ்சம் குடிச்சுப் பாக்கலாமா?"

"குடிச்சா நேரா தத்தனேரிதான்ணே."

தத்தனேரி எங்கள் ஊர்ச் சுடுகாடு. இரண்டு பேரும் சிரித்தோம். அவருக்காகத்தான் இத்தனை பாடும் என்ற பெருமிதத்தில் இருந்தேன் நான்.

ஒரே குறை, அது மெதுவாக வேலை செய்யும். ஏழெட்டு மணி நேரம் ஊற வேண்டும். சாயங்காலம் போட்டுவிட்டுப் போய்க் காலையில் எடுத்தால் ஆயிற்று என்றேன். முதலாளி ஒரு மாதம் இழுத்தடித்தார். அதற்குள் தொட்டிக்காரர் இரண்டாம் முறை விழுந்தார். இம்முறை உடம்பில் பாதி குழிக்குள் இருந்தது, காலைப் பிடித்து இழுத்துத்தான் மேலே எடுத்தோம். மறுநாள் முதலாளி மளமளவென்று சம்மதித்துவிட்டார். அவர் மனசாட்சி விழித்துக்கொண்டது என்று நம்பிய முட்டாள் நான். விழித்தது மனசாட்சி இல்லை. விஷம் இல்லையென்றால் முறிவு எதற்கு? ஒன்றாம் தேதியிலிருந்து புதுத் தண்ணீர், அன்றோடு பால் நிறுத்தம் என்று அறிவித்துவிட்டார்.

அறிவித்த அன்றே மூன்று மணிக்குத் தொட்டிக்காரர் என் மேசைக்கு வந்தார்.

"டீச்சரம்மா, நமக்குப் பழைய ஐஸ் தண்ணியே இருக்கட்டும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் மரியாதை எல்லாம் பறந்துவிட்டது. ஒரு டம்ளர் பாலுக்காக உயிரை விடுவீர்களா, அந்தப் பால் ஒரு சொட்டுக்கூட உங்கள் நெஞ்சுக்குப் போகாது, இது தெரியாமல் இத்தனை நாள் குடித்துக்கொண்டிருக்கிறீர்களே என்று கத்தினேன்.

அவர் கோபப்படவே இல்லை. "நான் எங்க டீச்சரம்மா குடிச்சேன்?" என்றார்.

கையில் தூக்குச்சட்டி இருந்தது. வீட்டில் எட்டு மாதப் பிள்ளை. தாய்க்குப் பால் பற்றவில்லை. மாடு போன பிறகு வீட்டுக்குள் வருகிற பால் இது மட்டும்தான். மூன்று மணிக்கு வாங்கிச் சட்டியில் ஊற்றி, ஜன்னல் ஓரத்தில் நிழலில் வைத்திருந்து, ஐந்து மணிக்கு மேல் இரண்டு பஸ் மாறிக் கொண்டுபோவாராம். "அம்புட்டு தூரம் போயும் ஒரு நாளும் திரிஞ்சதில்ல" என்றார். அரை வருஷமாகத் தினமும் அந்த ஜன்னலைத் தாண்டித்தான் நான் போய்வந்தேன். சட்டியைப் பார்த்திருக்கிறேன், ஏதோ சோற்றுச் சட்டி என்று நினைத்திருக்கிறேன். பாட்டிலுக்குள் மைக்ரோ கிராம் தேடியவளின் லட்சணம் இது.

அந்த இடத்தில்தான் என் புத்திசாலித்தனம் வேலை செய்தது. தொட்டியும் மாற வேண்டும், பாலும் நிற்கக்கூடாது. லேப் தாள் ஒன்றை எடுத்து எழுதினேன்: புதிய திரவமும் நச்சுத்தன்மை கொண்டது, தொட்டியில் வேலை செய்பவருக்குத் தினமும் பால் அவசியம். கீழே கையெழுத்து, பட்டம், தேதி. நான் எழுதிய அறிக்கைகளிலேயே சுத்தப் பொய்யான அறிக்கை அதுதான். வெட்கமே இல்லாமல் கொண்டுபோய் நீட்டினேன்.

முதலாளி இரண்டு முறை படித்தார்.

"அப்ப ரெண்டுமே விஷமாம்மா?"

"ஆமா சார்."

"ரெண்டும் விஷம்னா, கால் மணி நேரத்துல வேலைய முடிக்கிற விஷமே இருந்துட்டுப் போகட்டும்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. பதறிப்போய் உண்மையைச் சொன்னேன். தாள் பொய், பால் நிற்கக்கூடாது என்பதற்காக எழுதினேன், பிள்ளைக்காக எழுதினேன் என்று உளறினேன். அவர் தாளைத் தட்டிக் காட்டி, "எழுத்துல ஒண்ணு, பேச்சுல ஒண்ணா? நான் எழுத்தத்தான் நம்புவேன்" என்றார். நம்பியதோடு விடவில்லை. அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தொட்டிக்கு மேலே சுவரில் மாட்டினார். வருகிறவர்களிடம் காட்டி, எம்.எஸ்ஸி. படித்த பெண்ணே சிபாரிசு செய்திருக்கிறது என்பார். பால் தொடர்ந்து வந்தது. தொட்டிக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கும்பிட்டார். அந்தக் கும்பிடு செருப்படி மாதிரி விழும் எனக்கு.

அடுத்த கத்திரியில் ஒரு நாள், மூன்றரை மணி இருக்கும், அவர் மூன்றாம் முறை விழுந்தார். இழுத்து வெளியே போட்டபோது உதடு வெளுத்து, கண் செருகிக் கிடந்தது. நான் வாசல் காற்றுக்குக் கொண்டுபோங்கள் என்று கத்திக்கொண்டிருந்தேன். அதற்குள் முதலாளி ஓடிவந்து ஜன்னலிலிருந்த தூக்குச்சட்டியை எடுத்து அவர் வாயில் கவிழ்த்தார். மயங்கிக் கிடப்பவனுக்கு ஊற்றாதீர்கள், மூச்சு அடைத்துவிடும் என்று கையைப் பிடித்து இழுத்தேன். என்னைத் தள்ளிவிட்டு ஊற்றினார். பாதி கழுத்தில் வழிந்தது, மீதி தரையில் ஓடியது. வாசலுக்குத் தூக்கிப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் புரையேறி, இருமி, கண்ணைத் திறந்தார்.

"பாத்தியாம்மா?" என்றார் முதலாளி. வியர்வையில் முகம் மின்னியது. "பாலு உள்ள போச்சோ இல்லயோ, எந்திரிச்சிட்டான். நீயே எழுதிக் குடுத்ததுதான?" என்று சுவரைக் காட்டினார்.

தொட்டிக்காரர் எழுந்து உட்கார்ந்தார். நனைந்த சட்டையைத் தொட்டு விரலை முகர்ந்து பார்த்தார். பக்கத்தில் கிடந்த சட்டியை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு சொட்டு விழுந்தது.

"பூராத்தையுமா ஊத்துனீங்க?" என்றார்.

என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.