கீரைக்கு வெட்டிய நாலு ராத்தல்

நல்ல சாப்பாடு என்றால் என்ன என்று எனக்கு முதலில் சொல்லித் தந்தவர் எங்கள் தோட்டத்து மருந்தையா. உட்கார வைத்தெல்லாம் சொல்லித் தரவில்லை. ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் தூறலில் நான், என் இடுப்பில் மூன்று வயது மகள். இலங்கையில் அட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்தில் அப்போது நான் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். பொழுது சாய்ந்தால் மகளுக்குக் கண் தெரியாமல் போகத் தொடங்கியிருந்தது. வாசற்படியில் தடுக்கி விழுவாள். கையில் இருக்கும் ரொட்டி கீழே விழுந்தால் தரையைத் தடவித் தடவித் தேடுவாள். முதல் நாள் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தவள் நான்தான். அந்தச் சிரிப்புக்காக என்னை நானே இன்றுவரை மன்னிக்கவில்லை.

"மாலைக்கண். இப்படியே விட்டா பகல்லயும் தெரியாமப் போயிரும்" என்றார் மருந்தையா, மழை விடாது என்று சொல்வது போல. பிறகு ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி நீட்டினார். முட்டை, பால், பட்டர், ஈரல். மருந்தையாவுக்கு எழுத்து அழகு. அந்தச் சீட்டை நான் லயத்து வரிசையில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குக் கொண்டுவந்து அடுப்புக்கு மேலே செருகி வைத்தேன். புகை பட்டு மஞ்சளாகிக் கிடந்ததே தவிர அதனால் வேறொரு பிரயோசனமும் இருக்கவில்லை. எங்கள் தோட்டத்தில் தினமும் ஈரல் தின்ற ஜீவன் ஒன்றே ஒன்றுதான். அது வெள்ளைக்காரத் துரையின் பங்களா நாய். அதற்கென்று டவுனிலிருந்து ஈரல் வாங்கி வருவார்கள். அதன் கண்ணும் நல்ல பளபளப்பாகத்தான் இருந்தது.

நாங்கள் சாப்பிட்டது கோதுமை மா ரொட்டி, ஒரு சம்பல், பாலில்லாத சாயத்தண்ணி. தோட்டத்தில் அரிசி கொடுக்கிற வாரத்தில் சோறும் பருப்பும். இதைச் சொல்லி யாரும் என்னைப் பார்த்து உச்சுக்கொட்ட வேண்டாம், ஏனென்றால் இதில் பாதி எங்கள் முட்டாள்தனம். பொன்னாங்காணி கண்ணுக்கு நல்லது என்று தெரியாதவர் எங்கள் லயத்தில் ஒருவரும் இல்லை. அதைத் தின்றவரும் ஒருவர் இல்லை. தேயிலைக்கு நடுவே ஓடும் தண்ணீர்க் கான் ஓரமெல்லாம் அது படர்ந்து கிடந்தது, பக்கத்திலேயே வல்லாரையும் மணத்தக்காளியும். ஆனால் சும்மா கிடைப்பதைத் தின்றால் வக்கற்ற வீடு என்று பெயர் வந்துவிடும். விருந்தாள் வந்தால் கீரைச் சட்டியை அடுப்புக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, கடையில் வாங்கிய டின் பாலை எல்லாரும் பார்க்கிற மாதிரி முன்னால் வைப்போம். நானும் வைத்திருக்கிறேன். சீனியைத் தவிர ஒன்றுமில்லாத அந்தப் பாலை ரொட்டியில் தடவி மகளுக்குக் கொடுத்துவிட்டு, ராஜகுமாரியாக வளர்க்கிறேன் என்ற நினைப்பு வேறு எனக்கு.

சீட்டு வந்த மறுநாள் வெட்கத்தை மூட்டை கட்டி வைத்தேன். கொழுந்து எடுக்கும்போதே கான் ஓரத்தில் குனிந்து இரண்டு பிடி பொன்னாங்காணி கிள்ளினேன். அதை ஒரு துணியில் சுருட்டிக் கூடைக்குள் அடியில் வைத்தேன். சாயந்தரம் அதைச் சுண்டி, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, பருப்போடு மசித்து ஊட்டினேன். மகள் துப்பினாள். திரும்ப ஊட்டினேன். வீட்டுக்காரர் தேயிலை ஃபாக்டரி வேலை முடிந்து வந்து சட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம புள்ளைக்குப் புல்லா போடுற?" என்றார். கண் தெரியாத பிள்ளைக்குக் கௌரவம் மட்டும் தெரியுமாக்கும் என்று கேட்டேன். அதற்கப்புறம் அவர் சட்டியை எட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

ஆறாவது நாளோ ஏழாவது நாளோ மாட்டிக்கொண்டேன். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், எடை எழுதும் கணக்கப்பிள்ளை என் கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். கொழுந்தோடு என் துணிச்சுருளும் விழுந்தது. அவர் அதைப் பிரம்பு நுனியால் தூக்கிப் பிடித்த விதத்தைப் பார்த்தவர்கள் உள்ளே செத்த எலி இருப்பதாகத்தான் நினைத்திருப்பார்கள்.

"ஏ புள்ள, என்னாது இது?"

"கீரைங்கய்யா. புள்ளைக்கு மாலைக்கண்ணுங்க."

"தொர சம்பளம் குடுக்கிறது கொழுந்து எடுக்கவா, கீர புடுங்கவா? நாலு ராத்தல் வெட்டு. இன்னொரு வாட்டி பாத்தேன், அன்னிக்குப் பேர் கெடையாது."

வெட்டு என்றால் நிறுத்த கொழுந்தில் அவ்வளவு கழிவு; பேர் கிடையாது என்றால் அன்றைய வேலையே கணக்கில் இல்லை. ஒரு துணிச்சுருள் நாலு ராத்தல் எடை நிற்குமா? பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். "புள்ள வளக்குறாளா, ஆடு வளக்குறாளா?" என்றாள் ஒருத்தி. அவளுடைய பிள்ளைக்கும் வாய் ஓரம் வெடித்து, வயிறு ஊதிப்போய்க் கிடந்தது. அதற்கப்புறம் இடுப்பில் கட்டும் சாக்குப் படங்கு மடிப்புக்குள் ஒரு சின்னப் பிடி மட்டும் ஒளித்துக் கொண்டுவந்தேன். அதுவும் பயந்து பயந்து, மூன்று நாளைக்கு ஒரு தடவை.

இந்த நேரத்தில்தான் துரைசாணிக்கு எங்கள் சாப்பாட்டின் மேல் அக்கறை பிறந்தது. ஒரு சனிக்கிழமை, வேலைக்குப் போகையில் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவுக்கு முன்னால் எங்களையெல்லாம் உட்கார வைத்து, துணியில் எழுதிய பெரிய படம் ஒன்றைத் தொங்க விட்டார். முட்டை, மீன், பால், பச்சைக் கீரை எல்லாம் ஒரே தட்டில் இருந்தன. தட்டு எங்கள் அடுப்பை விடப் பெரிது. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிளாக்கரையா பக்கத்தில் நின்று தமிழாக்கினார். "குறைஞ்ச செலவில நல்லாச் சாப்பிடலாம் எண்டு சொல்லுறா. கீரை காசில்லாமல் கிடைக்குமாம். நீங்கள் சோம்பல்படாமல் பிடுங்கிச் சமைக்க வேணுமாம்."

சோம்பல்! விடியக் காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போய் நின்று, அட்டை கடிக்கக் கடிக்க மலை ஏறுகிறவளைப் பார்த்து, ஒரு குதிரையின் முதுகில் வந்து இறங்கியவர் சொன்னது அது. துரைசாணிக்குப் பின்னால் கணக்கப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கீரை என்ற வார்த்தை வந்தபோது எல்லாரையும் விட வேகமாகத் தலையாட்டியவர் அவர்தான்.

இரண்டு மாதம் கழித்து, நன்றாக வளர்ந்த பிள்ளைக்குப் பரிசு என்று சொல்லி மறுபடி கூட்டினார்கள். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, துரைசாணி ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். வெள்ளைக்காரியைக் கிட்டத்தில் பார்த்த பயத்தில் எல்லாம் வீறிட்டன. என் மகள் மட்டும் அழாமல் அவருடைய முத்துமாலையைப் பிடித்து இழுத்தாள். அவ்வளவுதான், தோட்டத்திலேயே ஆரோக்கியமான பிள்ளை அவள்தான் என்று முடிவாகிவிட்டது. அவளுடைய கண் அப்போது பாதிதான் தேறியிருந்தது. விளக்கு வைத்த பிறகு பரவாயில்லை, மங்கல் வெளிச்சத்தில் இன்னும் சுவரைத் தடவுவாள். அதை ஒருவரும் கேட்கவில்லை. மருந்தையா முன்னால் வந்து, தான் எழுதிக் கொடுத்த சீட்டைப் பற்றி இங்கிலீசில் ஏதோ சொல்லிக்கொண்டார்.

"பிள்ளைக்கு என்ன குடுத்தனீ எண்டு கேக்கிறா" என்றார் கிளாக்கரையா.

எனக்குப் பொய் சொல்லத் தெரியாமல் இல்லை. ஆனால் கணக்கப்பிள்ளை அங்கே பல்லெல்லாம் தெரிய நின்றுகொண்டிருந்தார். அந்தப் பல்லைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கான் ஓரத்துப் பொன்னாங்காணிங்க. கூடையில வச்சதுக்கு இந்தக் கணக்கப்பிள்ளையா நாலு ராத்தல் வெட்டுனாரு. இப்ப படங்குக்குள்ள ஒளிச்சுக் கொண்டாறேன். அப்படியே சொல்லுங்கய்யா."

கிளாக்கரையா தொண்டையைக் கனைத்துக்கொண்டு துரைசாணியின் பக்கம் திரும்பினார். கீரைக்கு இங்கிலீசில் என்னவென்று எனக்குத் தெரியாது. மில்க்கும் எக்கும் தெரியும். பங்களாவுக்குப் போகிற சாமானின் பெயர் எங்களுக்கெல்லாம் தெரியும். அவர் வாயிலிருந்து வந்தது மில்க், வந்தது எக். துரைசாணி என் தோளைத் தட்டி, கையில் ஒரு பிஸ்கட் டின்னைக் கொடுத்தார்.

"உன்னைக் காப்பாத்தத்தான் அப்பிடிச் சொன்னனான்" என்றார் கிளாக்கரையா பிறகு, தணிந்த குரலில். யாரைக் காப்பாற்றினார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். படித்த மனிதர். நான் அவரைப் பார்த்துக் கும்பிட்ட கும்பிடில் மரியாதை இருந்ததாக அவர் நினைத்திருந்தால் அது அவர் பாடு.

பிஸ்கட்டை லயத்துப் பிள்ளைகள் அன்றைக்கே தீர்த்தார்கள். ஆட்டைப் பற்றிக் கேட்டவளின் பிள்ளைதான் அதிகம் தின்றது. டின் மிஞ்சியது. நல்ல கனமான டின், மூடியில் கிரீடம் வைத்த ராணியின் தலை. திங்கட்கிழமை அதில் ரொட்டியை வைத்து மலைக்குக் கொண்டுபோனேன். மத்தியானம் ரொட்டி தீர்ந்ததும் பொன்னாங்காணியைக் கிள்ளி, அழுத்தி அழுத்தி நிரப்பி, மூடினேன்.

மடுவத்தில் கணக்கப்பிள்ளை கூடையைக் கவிழ்த்தார். படங்கை உதறிக் காட்டச் சொன்னார், உதறினேன். பிறகு டின்னைப் பார்த்தார்.

"இது தொரசாணி குடுத்ததா?"

"ஆமாங்கய்யா. தொறந்து காட்டவா?"

அவர் கை பாதி வரைக்கும் வந்தது. ராணியைப் பார்த்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"சரி சரி, போ."

அன்று முதல் தினமும் அந்த டின் நிரம்பித்தான் வீட்டுக்கு வந்தது. ஒரு மாதம் போயிருக்கும். ஒரு நாள் வேலை முடிந்து, பிள்ளைக் காம்பராவிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு வந்தேன். பனி இறங்கி, எனக்கே பாதை மங்கலாகத் தெரிந்த நேரம். அவள் என் கையை உதறிவிட்டு முன்னால் ஓடினாள். விழப்போகிறாள் என்று கத்தினேன். அவள் விழவில்லை. கான் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, "அம்மா, இங்க இருக்கு, டின்னத் தொற" என்றாள்.