ஓசிப் படமும் ஒன்பது மின்விசிறிகளும்

வெயிலுக்குக் கோழியைச் சாகவிட்டவன் என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒருவனும் என்னைச் சொன்னதில்லை. நாற்பது வருடமாக அந்தப் பெயரைக் காப்பாற்றி வைத்திருந்தேன். சித்திரை வெயிலில் மற்ற பண்ணைகளில் செத்த கோழியைச் சாக்கில் கட்டித் தூக்குவார்கள். என் பண்ணையில் கூரைமேல் தென்னங்கீற்று இருக்கும், கூரைக்குக் கீழே தண்ணீர்ச் சாரல் இருக்கும், நடுவில் ஈரத்துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு நான் இருப்பேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அப்பன் வைத்துவிட்டுப் போன சொத்து என்று ஒரு சென்ட் நிலம் கிடையாது. முந்நூறு குஞ்சில் ஆரம்பித்து ஐம்பதாயிரம் முட்டைக்கோழிக்கு வந்தேன். படித்த டாக்டர்கள் எனக்குச் சொல்லிக்கொடுக்க வருவார்கள், போகும்போது என்னிடம் கேட்டுக்கொண்டு போவார்கள்.

இதையெல்லாம் எதற்கு முதலிலேயே சொல்கிறேன் என்றால், இப்படிச் சம்பாதித்த பெயரை ஒரே மதியத்தில் தின்றுவிட்டது ஓசியில் படம் காட்டும் ஒரு வெப்சைட். முகம் தெரியாத, ஊர் தெரியாத, போய்ச் சட்டையைப் பிடிக்க ஆள் இல்லாத களவாணிக் கடை. நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது.

அதை எனக்குக் காட்டியவர் தீவன லாரி டிரைவர், ஓமலூர்க்காரர். மூட்டை இறங்கும் வரைக்கும் வண்டிக்குள் உட்கார்ந்து போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். முந்தின நாள்தான் தியேட்டருக்கு வந்த படம்.

“ஏனுங்கய்யா, இதுக்குப் போயி நாமக்கல் வரைக்கும் பெட்ரோல் போட்டுட்டுப் போவீங்களா? இதுல எல்லாமே சும்மாங்க,” என்றார்.

“சும்மாவா? மாசம் எதும் கட்ட வேண்டியதில்லையா?”

“நயா பைசா வேண்டாங்க. விளம்பரம் வரும். அதத் தள்ளிவுட்டுட்டுப் பாத்துக்க வேண்டியதுதானுங்க.”

தள்ளிவிடுவது. அந்த ஒரு வேலையை அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். அதுதான் என்னைக் கெடுத்தது.

ஒரு மாதத்தில் நான் அந்த டிரைவருக்கே பாடம் எடுக்கும் அளவுக்கு வந்துவிட்டேன். அந்தக் கடையின் விலாசம் வாரத்துக்கு ஒருமுறை மாறும். போலீஸ் இழுத்து மூடினால், பெயருக்குப் பின்னால் வேறொரு வாலை ஒட்டிக்கொண்டு மறுநாளே திறந்துவிடும். புது வால் எது என்று கண்டுபிடிக்க ஒரு சூட்சுமம் உண்டு. அது எனக்கு அத்துப்படி. டீக்கடையில் காலேஜ் முடித்தவர்களே என்னிடம்தான் கேட்டார்கள். பக்கத்துப் பண்ணைக்காரர் எனக்கு மாப்பிள்ளை முறை. வெள்ளிக்கிழமை ஆனால் போன் போட்டுவிடுவார். “மாமா, அட்ரஸ் மறுபடியும் மாறிப்போச்சாட்ட இருக்குதுங்க?” நான் உடனே சொல்ல மாட்டேன். இரண்டு நிமிடம் பிகு பண்ணிவிட்டுத்தான் சொல்வேன்.

என் மகனுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. அவன் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் குடியிருக்கிறான், கம்ப்யூட்டர் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவன் என் போனைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

“அந்தத் திருட்டு சைட்ட உடுங்கப்பா. மாசக் கட்டணத்த நானே கட்டிடறேன். ஒழுங்கான ஆப்ல பாருங்க.”

“இதுக்கு என்ன கொறச்சல்?”

“விடியக்காலம் ஒருத்தன் நம்ம ஷெட்டுக்குள்ள பூந்து முட்டைய அள்ளிட்டுப் போயி பஸ் ஸ்டாண்டுல சும்மா குடுத்தா என்ன பண்ணுவீங்க?”

“கால ஒடைப்பேன்.”

“அதேதானுங்கப்பா இதும்.”

“அதெப்படி? முட்டைய எடுத்தா அட்டை காலியாகுது. படத்த நான் பாத்தா எது காலியாகுது?”

அவன் போனை என் கையில் வைத்துவிட்டு எழுந்து போனான். ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரி மட்டும் அடுப்படியில் இருந்து, “தோத்தாலும் நீங்க என்னைக்கு ஒத்துக்கிட்டிருக்கீங்க,” என்றாள்.

விளம்பரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எத்தனை விதமான அயோக்கியத்தனம். படம் தொடங்க ஒரு பொத்தானை அழுத்தினால் சீட்டாட்டம் திறக்கும். அதை மூட மூலையில் பெருக்கல் குறி இருக்கும். அதை அழுத்தினால், அந்தக் குறியே பொய், வேறொரு கடை திறக்கும். வயசான ஆளிடம் காட்டக்கூடாத படங்கள், ஆண்மைக்கு லேகியம், உங்கள் போனில் ஐந்து வைரஸ் என்று ஒரு மிரட்டல். சந்தையில் இப்படி ஒரு வியாபாரி என்னிடம் நடந்துகொண்டிருந்தால் கன்னத்தில் ஒன்று விட்டிருப்பேன். கண்ணாடிக்குள் இருப்பவனை எங்கே போய் அடிப்பது?

ஒருநாள், ‘அனுமதித்தால்தான் படம் ஓடும்’ என்று ஒரு பெட்டி வந்தது. அனுமதித்தேன். எதை அனுமதிக்கிறேன் என்று படித்துப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து, படம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் போனின் மேல்விளிம்பில் அவனுடைய விளம்பரம் இறங்க ஆரம்பித்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘டிங்’. சாப்பிடும்போது டிங். கோயிலில் டிங். விரலால் மேலே தள்ளினால் போய்விடும். தள்ளினேன். நாளுக்கு ஐம்பது, அறுபது தடவை. கடைசியில் விரல் கண்ணைக் கேட்காமலே தள்ளப் பழகிவிட்டது.

இனி ஷெட்டின் கதை. மூன்று வருடத்துக்கு முன்னால் புது ஷெட் ஒன்று கட்டினேன், நாலு பக்கமும் அடைத்தது. ஒரு கடைசியில் காற்றைக் குளிராக்கி உள்ளே விட, தண்ணீர் வடிகிற அட்டைத்தடுப்பு, மறு கடைசியில் ஆள் உயரத்துக்கு ஒன்பது மின்விசிறிகள். வெளியே அனல் அடித்தாலும் உள்ளே பன்னிரண்டாயிரம் கோழியும் குளுகுளுவென்று நின்று முட்டை போடும். ஆனால் விசிறி நின்றால் அது ஷெட் அல்ல, மூடி போட்ட சட்டி. கால் மணி நேரம் தாங்கும், அதற்கு மேல் தாங்காது. அதற்காக ஒரு பெட்டி மாட்டியிருந்தார்கள். கரண்ட் போனால் அது என் போனுக்குச் செய்தி அனுப்பும். கூடவே பண்ணை முழுக்கக் கேட்க அலறுகிற சங்கும் மாட்டலாம் என்று பெட்டி மாட்ட வந்தவர் சொன்னார். வேண்டாம் என்றேன். “போன் என் பையிலயேதான் கெடக்குது. அப்புறம் சங்கு எதுக்கு?” பக்கத்துப் பண்ணை மாப்பிள்ளையும் அடுத்த வருடம் இதே மாதிரி ஷெட் கட்டினார். நான் சொன்னேன் என்று அவரும் சங்கு வைக்கவில்லை.

வழக்கமாகக் கரண்ட் போனால் ஜெனரேட்டர் தானாக ஓடும். அந்த வாரம் அதைத் தானாக ஓட்டும் பாகம் கெட்டுப்போயிருந்தது. புதுசு வர நாலு நாள் ஆகும், அதுவரைக்கும் போனில் செய்தி வந்ததும் போய்ச் சாவியைத் திருப்ப வேண்டும். அந்தப் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். சூப்பர்வைசர் அக்கா மகளுக்குக் காதுகுத்து என்று தம்மம்பட்டிக்குப் போயிருந்தார். போகும்போது, “ஐயா, நான் வேணும்னா இருந்துக்கட்டுங்களா?” என்று கேட்டவரை, “நான் கோழி வளக்க ஆரம்பிக்கறப்ப நீ பொறக்கவே இல்ல, போயிட்டு வா,” என்று அனுப்பிவிட்டேன்.

மதியச் சாப்பாடு முடிந்தது. வேலையாட்கள் பழைய ஷெட் பக்கம் தங்கள் குடியிருப்பில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வேப்பமரத்தடிக் கட்டிலில் படுத்து, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, எட்டுப் பாகம் கொண்ட ஒரு கொலைக் கதையில் கடைசிப் பாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொலைகாரன் யார் என்று தெரியப் போகிற நேரம். டிங். தள்ளினேன். கொஞ்சம் கழித்து டிங். தள்ளினேன். மூன்றாவது டிங். சனியனே என்று திட்டிக்கொண்டே தள்ளினேன்.

போனுக்கு அப்பால் ஏதோ அசைந்தது. நிமிர்ந்து பார்த்தால் வீட்டுக்காரி ஓடுகிறாள். அறுபது வயதுக்காரி, முட்டிவலிக்காரி, ஈரச் சேலையை முழங்கால் வரைக்கும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பில்லாமல் வெயில் மண்ணில் ஓடுகிறாள். பாம்பைப் பார்த்துவிட்டாளோ என்று ஒயரைப் பிடுங்கினேன்.

சத்தம் இல்லை.

மூன்று வருடமாக ராவும் பகலும் எங்கள் வீட்டுச் சுவருக்குள் கேட்டுக்கொண்டே இருந்த ஒன்பது விசிறியின் இரைச்சல் இல்லை. அவள் பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தவள், அந்த இல்லாமையைக் கேட்டுவிட்டாள். நான் முப்பது அடி தூரத்தில் படுத்துக்கொண்டு கேட்கவில்லை.

நான் போய்ச் சேருவதற்குள் ஷெட்டின் பெரிய கதவு திறந்து கிடந்தது. அவள் ஜெனரேட்டர் ரூமுக்குள் இருந்தாள். சாவியைத் திருப்பினாள், இருமிவிட்டு நின்றது. “தள்ளு, தள்ளு, உனக்குத் தெரியாது,” என்று கையை நீட்டினேன். அவள் என் கையைத் தட்டிவிட்டு, ஒரு மூச்சு பொறுத்து, மறுபடியும் திருப்பினாள். பிடித்துக்கொண்டது.

“உனக்கு யாரு சொல்லிக்குடுத்தா?”

“நீங்க இந்தக் கருமத்தத் திருப்பறப்பெல்லாம் பக்கத்துல தண்ணிச் சொம்போட நின்னவ யாருங்க? கேட்டுக்கிட்டு நிக்காம உள்ள போயித் தண்ணி அடிங்க.”

உள்ளே போனேன். அலகைத் திறந்துகொண்டு, றெக்கையை விரித்துக்கொண்டு, வரிசை வரிசையாக மூச்சு வாங்குகின்றன. நடு வரிசைகளில் மேல் அடுக்கில் தலை தொங்கிவிட்டது. வேலையாட்கள் ஓடி வந்தார்கள். சாயங்காலம் வரை தண்ணீர் தெளித்தோம். நூற்று எண்பத்து மூன்று கோழி செத்தது. இன்னொரு பத்து நிமிடம் போயிருந்தால் பன்னிரண்டாயிரமும் போயிருக்கும். செத்ததை வேறு யாரையும் தொடவிடவில்லை. நானே ஒவ்வொன்றாக எடுத்துக் குழியில் போட்டேன்.

கை கழுவிவிட்டு வந்தபோது என் போன் அவள் கையில் இருந்தது.

“அந்தப் பெட்டி மூணு தடவ கூப்புட்டிருக்குதுங்க.”

“விளம்பரம்னு நெனச்சுட்டேன்.”

“பன்னெண்டாயிரம் உசுரு உங்களுக்கு விளம்பரமாட்டத் தெரிஞ்சுதுங்களா?”

ஜெனரேட்டர் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள். இன்றைக்கு வரைக்கும் அது அங்கேதான் இருக்கிறது.

நான் வெளியே என்ன சொன்னேன்? வெயில் என்றேன். மகனிடம் வெயில், சூப்பர்வைசரிடம் வெயில், டீக்கடையில் வெயில். அது எனக்குக் கோழி செத்ததை விட வலித்தது. “மாமா, உங்களுக்கே இந்தக் கெதின்னா நாங்கெல்லாம் எம்மாத்தரங்க,” என்று மாப்பிள்ளை அனுதாபப்பட்டார். அந்த அனுதாபம் என் மேல் சாணியாக விழுந்தது. வெயிலுக்கு நான் தோற்கவில்லை என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினால் எதற்குத் தோற்றேன் என்று சொல்ல வேண்டுமே.

வெள்ளிக்கிழமை வந்தது. மாப்பிள்ளை போன் போட்டார்.

“மாமா, புது அட்ரஸ் என்னங்க?”

“தெரியாது.”

“உங்களுக்கா தெரியாது? சும்மா பிகு பண்ணாதீங்க. அப்புறம் மாமா, அதுல என்னமோ அனுமதின்னு கேட்டுதுங்க, அமுக்கிட்டேன். அதுலருந்து டிங் டிங்குன்னு ஒரே ரோதனைங்க. எடுத்துக்கூடப் பாக்கறதில்ல, தள்ளித் தள்ளி உட்டர்றேன்.”

அவர் ஷெட்டும் என்னுடையது மாதிரிதான், அடைத்த ஷெட். என் பேச்சைக் கேட்டுச் சங்கு வைக்காத ஷெட். அவர் வீடோ பண்ணையிலிருந்து ஒரு மைல் தள்ளி இருக்கிறது. விசிறி நின்றால் காதில் வாங்கி ஓடிவர அங்கே யாரும் இல்லை. வீட்டுக்காரி எதிரில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. கத்தி மட்டும் நின்றுவிட்டது.

“மாப்ள,” என்றேன். “எங்கோழி வெயிலுக்குச் சாகுல.”

“பின்ன?”

சொன்னேன். நாற்பது வருடத்துப் பெயரை நாலே வாக்கியத்தில் என் வாயாலேயே உடைத்தேன்.

“மூணு தடவையுங்களா மாமா?”

“மூணு தடவ.”

“தள்ளிவுட்டுட்டுப் படம் பாத்தீங்க?”

“போன வெய்யி. போயிச் சங்கு மாட்டு. மாட்டிட்டு எதுன்னாலும் கேளு.”

அவர் அன்றைக்கே ஆள் வரவழைத்துச் சங்கு மாட்டினார், அடுத்த நாள் நானும் மாட்டினேன். நல்லது. அதோடு நின்றாரா? இல்லை. விடிந்தபோது டீக்கடைக்கே தெரிந்திருந்தது. மகனுக்கும் தெரிந்துவிட்டது. அவன் வந்து அந்த அனுமதியை ரத்து செய்து, ஒழுங்கான ஆப்பை மாட்டிக்கொடுத்தான். சிரிக்கவில்லை, அந்த மட்டுக்கு நல்ல பிள்ளை. அந்தக் கொலைக் கதையின் கடைசிப் பாகம் அதிலேயே இருக்கிறதாம். நான் பார்க்கவில்லை. கொலைகாரன் எவனாக வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்தக் கடை இன்னும் ஓடுகிறது, புது வாலோடு. பத்து முட்டை உடைந்து போனால் எனக்கு வியாபாரி போன் போட்டு ஏசுகிறான், நானும் பதில் சொல்கிறேன். நூற்று எண்பத்து மூன்று கோழிக்கு நான் யாருக்குப் போன் போடுவது?

டீக்கடையில் இப்போது யார் போனில் டிங் கேட்டாலும் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்புகிறது. “விளம்பரமாட்ட இருக்குதுங் மாமா, தள்ளிவுட்டுடலாங்களா?” என்கிறார் மாப்பிள்ளை. கடையே சிரிக்கிறது. எனக்குச் சிரிப்பு வருவதில்லை. டிங் அடித்த போன் யாருடையதோ, அவர் அதை எடுத்துச் செய்தியைப் படித்து முடிக்கும் வரைக்கும் நான் டீயைத் தொடுவதில்லை.