அலமாரிக்கு ஓர் உதாரணம்

அகராதி அலுவலகத்தில் அவரை எல்லோரும் வேர்க்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தச் சொல் எந்த மொழியிலிருந்து வந்தது என்று பார்ப்பது அவர் வேலை. "சொல்லுக்கெல்லாம் வேர் தோண்டுறீங்க, வீட்டுல ஒரு தொட்டிச் செடிக்குத் தண்ணி ஊத்துனதுண்டா?" என்று மனைவி வாரிவிடுவாள்.

அவள் இறந்து இரண்டு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். மறுநாள் அச்சுக்குப் போகவிருந்த பிறமொழிச் சொல் பின்னிணைப்பில், 'அலமாரி' என்ற சொல்லை மட்டும் அவருக்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். வேர் சிரமமில்லை. லத்தீனில் அது கருவிகளும் ஆயுதங்களும் வைக்கும் இடம். பிரெஞ்சுக்காரர்கள் அதில் துணி வைத்தார்கள். போர்த்துக்கீசியர்கள் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். இந்தி, மலாய், தமிழ் என்று போன இடமெல்லாம் வீட்டுக்குள் வந்து நின்றுகொண்டது. அரை மணியில் எழுதிவிட்டார்.

உதாரண வாக்கியத்தில்தான் கை நின்றது. அது யாராவது நிஜமாகப் பேசியதாக இருக்க வேண்டும். சொன்னவர் யாரென்று, வாக்கியம் எழுதும் சீட்டின் பின்னால் குறிக்க வேண்டும். பதினெட்டு வருடமாகப் பேருந்திலும் மருந்துக்கடையிலும் காதில் விழுந்ததையெல்லாம் எழுதியவர், மனைவி பேச்சில் ஒன்றைக்கூட எழுதியதில்லை. பக்கத்திலேயே இருக்கிறாளே, அப்புறம் எழுதலாம் என்று விட்டுவிட்டார். அகராதியில் இனி இந்த ஒரு சொல்தான் மிச்சம்.

அலமாரியைத் திறந்துபோட்டால் அவள் ஏதோ சொல்வாள். முகம் சுளித்தது நினைவிருந்தது. சொன்னது வரவில்லை. மாலைவரை தவித்துவிட்டு, "அலமாரியைச் சாத்துங்க, பூச்சி பூந்துடும்" என்று எழுதி, பின்னால் 'என் மனைவி' என்று குறித்தார்.

சீட்டைப் படித்த பதிப்பாசிரியைக்கு முகம் மலர்ந்தது. "அக்கா பேசுற மாதிரியே இருக்கு சார்!"

அவர் சீட்டுக்குக் கை நீட்டினார். "இல்லம்மா, அவ இதைச் சொல்லல. நானா எழுதிட்டேன்."

"சொல்லியிருப்பாங்க சார். யாரு கேக்கப்போறா?"

"அவ பேசாததை அவ தலையில கட்ட வேணாம்மா."

சீட்டை வாங்கிக் கிழித்தார். வீடு மாற்றிய வண்டிக்காரர் எப்போதோ சொன்னது சீட்டுப் பெட்டியில் இருந்தது. "படியில அலமாரி திரும்பாது சார்." அதையே கொடுத்தார். பிறகு தயங்கிக் கேட்டார். "அவ போன்ல உங்ககிட்ட பேசுவாளே. ஏதாவது ஞாபகம் இருக்கா?"

"'அவரு கிளம்பிட்டாரா'ன்னு கேப்பாங்க. தினமும் சாயங்காலம் அது ஒண்ணுதான் சார்."

'கிளம்பு' என்ற சொல் உள்ள பக்கங்கள் போன மாதமே அச்சாகிவிட்டன. அதற்கு உதாரணமாக ஒரு கண்டக்டர் சொன்னதை முன்பே எழுதிக் கொடுத்தவரும் இவரேதான்.

"இன்னொரு தடவை சொல்லுங்கம்மா," என்றார். "அவ எப்படிக் கேட்டாளோ, அப்படியே."