ஆரஞ்சுத் தோல் ரோஜா

அத்தையின் கல்யாணத்தைக் கலைத்தவள் என்று எங்கள் குடும்பத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. விசேஷ வீடுகளில் யாராவது அதைச் சிரித்துக்கொண்டே எடுத்துவிடுவார்கள். நானும் சிரித்துவைப்பேன். சம்பவம் நடந்தபோது எனக்கு ஒன்பது வயது.

அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. திருச்சியில் கேட்டரிங் படித்துவிட்டு பெங்களூரில் ஒரு பெரிய ஓட்டலில் வேலை பார்த்தாள். ரிசப்ஷனில் உட்காரும் வேலை என்று அப்பா எங்கள் ஊர் உடையார்பாளையம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். உண்மையில் அவள் நின்றது அந்த ஓட்டலின் பாரில். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மட்டுமே தெரிந்த இந்த ரகசியத்தை அத்தை என்னிடம் வெகு சாதாரணமாகச் சொல்லியிருந்தாள்.

"அப்ப நீ பிராந்தி விப்பியா அத்த?"

"விக்க மாட்டேன்டி, கலந்து குடுப்பேன். ஆனா கிளாஸ் மேல வெக்கிற அலங்காரம் இருக்கு பாரு, அதுலதான் எனக்குப் பேரு."

அந்த முறை அவளை லீவு போட்டு வரச் சொன்னது பெண் பார்க்க வருகிறார்கள் என்பதற்காக. மாப்பிள்ளை அரியலூர், சிமெண்ட் ஆலையில் ஆபீஸ் வேலை. ஜாதகம் பொருந்தி, போட்டோ கைமாறி, ஒரு மாதம் ஆகியிருந்தது. கேசரியும் பஜ்ஜியும் அம்மா பார்த்துக்கொள்ள, ஜூஸை மட்டும் நான் போடுகிறேன் என்று அத்தை கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பக்கத்தில் உட்கார்ந்து நான் வேடிக்கை பார்த்தேன். பெங்களூரிலிருந்து கொண்டுவந்த சின்னக் கத்தி ஒன்று அவளிடம் இருந்தது. அதன் வாயில் சிறு பள்ளம். எலுமிச்சை மேல் அதை ஓட்டிக்கொண்டே பழத்தைத் திருப்பினால், மஞ்சள் தோல் நூல் மாதிரி அறுபடாமல் இறங்கும். அந்த நூலை என் பென்சிலில் சுற்றி, ஐஸ் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு உருவினாள். ஸ்பிரிங் மாதிரி சுருண்டு நின்றது. எலுமிச்சையை வட்டமாக அரிந்து, நடு வரை ஒரு கீறல் கீறி, கிளாஸ் விளிம்பில் உட்காரவைத்தாள். கடைசியாக ஆரஞ்சுத் தோலை அகலமாகச் சீவினாள்; உள்ளே இருக்கும் வெள்ளை ஒட்டினால் கசந்துவிடுமாம். அந்தத் தோலைச் சுருட்டிப் பல்குச்சி குத்தினால் ரோஜா. கிளாஸ் ஐந்து, ரோஜா ஒன்றுதான்.

"இது யாருக்கு?"

"யாருக்கோ. நீ வாய மூடிக்கிட்டு பஜ்ஜித் தட்ட எடுத்துக்கிட்டு வா."

அவர்கள் ஐந்து பேர் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா அம்மா, அக்கா, அக்கா புருஷன். அத்தை தட்டை நீட்டியதும் எல்லோரும் கிளாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் குடிக்கவே மனசு வரவில்லை. அக்கா புருஷன் துபாயில் இருந்துவிட்டு வந்தவர்.

"இதெல்லாம் அங்க பெரிய ஓட்டல்லதாங்க பாத்திருக்கேன். எங்க கத்துக்கிட்டீங்க?" என்று அத்தையைக் கேட்டார்.

"டிவியப் பாத்து என்னத்தையோ பண்ணிக்கிட்டு கெடக்குங்க" என்றார் அப்பா.

எனக்குப் பொறுக்கவில்லை. எப்பேர்ப்பட்ட கைதேர்ந்தவளை அப்பா டிவி பார்த்துச் செய்பவளாக ஆக்குகிறார்!

"டிவி இல்லப்பா. அத்த பார்ல தெனமும் இதான் செய்யும். பிராந்தி கிளாஸ்ல மாட்டுறதுக்கு."

மாப்பிள்ளையின் அம்மா கிளாஸைக் கீழே வைத்தார். அத்தையையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மகன் பக்கம் திரும்பினார்.

"ஒனக்குத் தெரியுமாடா இது?"

மாப்பிள்ளை தன் கிளாஸில் இருந்த ரோஜாவை எடுத்துப் பஜ்ஜித் தட்டில் வைத்தார்.

"எனக்குத் தெரியாதும்மா."

அத்தை அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. என் மேல் அவ்வளவு கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்தார்கள். வாசலில் கார் கிளம்பியதும் அப்பா என்னை அறைந்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் என்னை அடித்ததில்லை. அத்தை தடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள், வந்தவர்கள் குடிக்காமல் விட்ட கிளாஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

பெங்களூருக்கு அவளை அப்பா திரும்ப அனுப்பவில்லை. அந்தக் கத்தியை வைத்து அம்மா வெகுநாள் பீர்க்கங்காய்த் தோல் சீவினாள். அடுத்த ஆனியில் பெரம்பலூரில் மனைவியை இழந்த ஒருவருக்கு அத்தையைக் கட்டிக்கொடுத்தார்கள். 'நல்ல எடம் தட்டிப்போச்சு, இந்தப் புள்ள வாயால' என்று அந்தக் கல்யாணப் பந்தியிலேயே பேசிக்கொண்டார்கள். நான் பாதியில் எழுந்து கை கழுவப் போனேன். அத்தையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்து நினைத்தே பள்ளி, கல்லூரி எல்லாம் முடிந்துவிட்டது.

போன வருடம்தான் கேட்டேன். பெரம்பலூரில் அவள் வீட்டு மாடியில் இரண்டு பேரும் துணி மடித்துக்கொண்டிருந்தோம்.

"நீ என்னடி பண்ணுன?" என்றாள் அத்தை. "அந்த அரியலூர் ஆளுக்குத்தான் எல்லாம் தெரியுமே. ஒரு மாசமா போன்ல பேசிக்கிட்டிருந்தோம். மொத நாளே சொல்லிட்டேன், பார்லதான் வேலைன்னு. அதனால என்ன, அம்மாகிட்ட நானே நேரம் பாத்து சொல்றேன்னாரு. கிளாஸ் அலங்காரம் பண்ணி வையின்னு கேட்டதும் அவருதான்."

மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தேன். "இத ஏன் அத்த அன்னைக்கே சொல்லல?"

"எப்படிச் சொல்றது? பேசிப் பழகுனவனே தெரியாதுன்னுட்டான்னா, என்னைய என்னன்னு நெனப்பாங்க? ஒன் வாயால கெட்டுச்சுன்னா, சின்னப்புள்ள, தெரியாம சொல்லிடுச்சுன்னு போயிடும்."

போயிடல அத்த என்று சொல்ல வந்து, அடுத்த துணியை எடுத்துக்கொண்டேன்.

தப்பு என் வாயில்தான் என்று ஒன்பது வயதில் நான் முழுசாக நம்பினேன். அந்தக் கூடத்தில் இருந்தவர்களில் ஆகச் சின்னவளாகப் பார்த்துத்தான் பழியைத் தூக்கிக் கொடுத்தார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. கொடுத்தவர்களில் அத்தையும் உண்டு என்பதும் தெரியவில்லை.