சூரியகாந்திச் சாலையில் ரெபேக்காள் அக்கா

ரெபேக்காள் அக்காவைப் பற்றி இன்றைக்கே எழுதிவிட வேண்டும். சைக்கிள் மிதித்த தொடை இன்னும் வலிக்கிறது, ஆனாலும் எழுதாமல் தூக்கம் வராது!

அக்காவுக்கு ஊர் இலஞ்சி. வீடு வீடாகச் சைக்கிளில் போய்ப் பால் ஊற்றுகிறார். சில வருடங்களுக்கு முன் தன் அண்ணன் ஸ்டான்லிக்கு ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்தார். தையல் ஆறியதும் மறுபடியும் சைக்கிள், மறுபடியும் பால். அதில் பேச என்ன இருக்கிறது என்பார்.

ஸ்டான்லி தென்காசி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் செய்துகொண்ட நாட்களில் பக்கத்துப் படுக்கையில் கிடந்தவள் வித்யாலட்சுமி. அவள் இன்னும் அங்கேதான் கிடக்கிறாள். குத்திக் குத்திக் கையில் இப்போது நரம்பே கிடைப்பதில்லை. இனிமேல் தள்ளிப்போட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பொருந்துவது அவள் அண்ணன் முத்துகுமரனின் சிறுநீரகம் மட்டும்தான். அவன் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறான். அறுத்துவிட்டால் அப்புறம் எப்படி லோடு ஏற்றுவது என்று கேட்டுக் கேட்டே மாதங்களைக் கடத்திவிட்டான்.

இந்த ஜூலையில் எங்கள் சைக்கிள் குழு உறுப்பு தான விழிப்புணர்வுக்காக நான்கு நாள் பயணம் போனது. தென்காசியில் கிளம்பி, கன்னியாகுமரி, தூத்துக்குடி, திருநெல்வேலி சுற்றிக் குற்றாலத்தில் முடிக்க வேண்டும். அக்காவும் பெயர் கொடுத்தார். சாமான் ஏற்ற முத்துகுமரனின் வண்டிதான் வர வேண்டும் என்று அடம்பிடித்தவரும் அவரே. கிளம்பும்போது எங்கள் எல்லார் முன்னாலும் கேட்டார்.

“ஏலே முத்து, நான் உன் வண்டில ஏறாம குத்தாலம் வந்து சேந்துட்டா தங்கச்சிக்குக் குடுப்பியா?”

“மொத வந்து சேருக்கா, பாப்போம்.”

“பாப்போம்லாம் கிடையாது. எல்லாரும் கேக்காவல்லா, சொல்லு.”

“சரி, குடுக்கேன். போதுமா?”

மூன்று நாளும் அக்கா பறந்தார்! நாங்கள் கியர் சைக்கிளில் மூச்சு வாங்க, அவர் அந்தப் பால் சைக்கிளில் எங்களைத் தாண்டிப் போய், “என்னப்பா, பஞ்சரா?” என்று கேட்டுவிட்டுப் போவார். முத்து சிரிக்கவே மாட்டான். அக்கா உட்காரும் இடத்திலெல்லாம் குனிந்து, அவர் கால் வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பான்.

கடைசி நாள்தான் நாங்கள் அந்த மடத்தனத்தைச் செய்தோம். சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்திருக்கிறது, அங்கே நின்று ஒரு போட்டோ எடுத்தே ஆக வேண்டும் என்று குழுத் தலைவர் அப்துல் ஜப்பார் அண்ணாச்சி பாதையைச் சுரண்டை வழியாகத் திருப்பினார். எல்லாரும் கைதட்டினோம். குற்றால சீசன் காற்று என்றால் எங்களுக்குச் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு அனுபவிக்கிற சங்கதி. மலைப்பக்கத்திலிருந்து வரும் அதே காற்றுக்கு எதிராக, மறைப்பே இல்லாத சாலையில் மிதிக்க வேண்டியிருக்கும் என்று ஒருவருக்குமா தோன்றாது?

போட்டோ நன்றாகத்தான் வந்தது. அண்ணாச்சி குற்றாலத்தில் வரவேற்புக்கான மாலை, மேளத்தைக் கவனிக்கப் பைக்கில் முன்னால் போய்விட்டார். வயலைத் தாண்டியதும் காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. எழுந்து நின்று மிதித்தாலும் சக்கரம் நகரவில்லை. முதலில் எங்கள் குழுவின் அல்தாப் முத்துவின் வண்டியில் ஏறினான். அப்புறம் ஒவ்வொருவராக. கடைசியில் நானும். பின்னால் இடமில்லாததால் என்னை முன் சீட்டில் உட்கார வைத்தார்கள்.

சாலையில் அக்கா மட்டும். மிதித்தார், இறங்கித் தள்ளினார், மறுபடி ஏறினார். திடீரென்று சைக்கிளோடு சரிந்து சாலையோரத்தில் வாந்தி எடுத்தார்.

முத்து குதித்து ஓடினான். “ஏறுக்கா! போதும்!”

“தள்ளிப் போலே.”

“நான் சொன்னேம்லா? ஒத்தக் கிட்னிய வச்சிக்கிட்டு இதெல்லாம் ஆவாதுன்னு?”

எனக்குப் பொறுக்கவில்லை. ஜன்னல் வழியாகக் கத்தினேன். “எனக்கு ரெண்டும் இருக்குண்ணே! நான் எப்பமோ ஏறிட்டேனே!”

“நீங்க நாளைக்கு லீவு போட்டுப் படுத்துக்கிடுவிய. நான் லோடு ஏத்தணும்.”

அக்கா எழுந்து இன்னும் கொஞ்ச தூரம் போனார். மறுபடி விழுந்தபோது முழங்கையிலிருந்து ரத்தம் வழிந்தது. இந்தத் தடவை எழுந்திருக்கவில்லை. அல்தாபும் நானும் தூக்கிவந்து முத்துவின் பக்கத்தில் உட்கார வைத்தோம். நான் ஓரத்தில் ஒண்டிக்கொண்டேன்.

அக்கா வாய்விட்டு அழுதார். “முடியலலே முத்து. வித்யாவ நாந்தாங் கொன்னுட்டேன்.”

அவன் வண்டியை எடுத்தான். தென்காசிக் கோபுரம் தெரியும்போதுதான் வாயைத் திறந்தான்.

“ஆபரேசன் வலிச்சுதாக்கா?”

இத்தனை நாளில் அவன் அதைக் கேட்டதேயில்லை.

“வலிச்சுதுலே. வலியக் கூடத் தாங்கிரலாம், அந்தப் பயம் இருக்கே! கக்கூஸ் ஜன்னல் வழியா இறங்கி ஓடிரலாமான்னு பாத்தேன். சவம், கம்பி போட்டு வச்சிருந்தான்.”

“இத ஏங்க்கா மொதல்லயே சொல்லல?”

“சொன்னா நீ குடுப்பியாலே?”

“எனக்கு மட்டுந்தாம் பயம்னுல்லா இத்தன நாளும் நெனச்சிக்கிட்டுக் கெடந்தேன். உன்னையப் பாக்கப் பாக்க என்னைய நெனச்சே அசிங்கமா வந்துச்சு. வித்யா மூஞ்சிலயே முழிக்க முடியல.” புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். “பயத்தோட போனா எடுத்துக்கிடுவாங்களா?”

அக்கா அழுகையை நிறுத்தி அவனையே பார்த்தார். “நான் வேற எப்படிலே போனேன்?”

குற்றாலம் திரும்பும் இடம் வந்தது. முத்து திரும்பவில்லை. வித்யா படுத்திருக்கும் ஆஸ்பத்திரி நேரே இருந்தது. அக்காவின் போனில் அப்துல் ஜப்பார் அண்ணாச்சி மேளச் சத்தத்தோடு, “எங்கன இருக்கிய? எங்கன இருக்கிய?” என்று கத்திக்கொண்டிருந்தார். பின்னால் சைக்கிள்களுக்கு நடுவே நின்றவர்கள் தகரத்தைத் தட்டினார்கள்.

“ஏ டிரைவரே, குத்தாலம் அங்கன! வழி மறந்து போச்சா?”

முத்து நிறுத்தவில்லை.