லிஸ்பனிலிருந்து மாட்ரிட்

பெங்களூர் பொம்மனஹள்ளியில் ஒரு மோட்டார் கம்பெனியின் டிராவல் டெஸ்க்கில் காந்தாவுக்குப் பதினேழு வருட சர்வீஸ். இதுவரை விமானத்தில் ஏறியதில்லை. தினமும் அத்திபெலேயிலிருந்து பஸ்ஸில் வந்து, யார் யாரையோ ஐரோப்பாவுக்கு அனுப்பி வைப்பாள். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் என்று கேட்டால் கம்ப்யூட்டரைப் பார்க்காமலே சொல்வாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

போன வாரம் இன்ஜினியர் சாய்கிருஷ்ணா போனில் கேட்டபோதும் அப்படித்தான் சொன்னாள். "லிஸ்பன்லேர்ந்து மாட்ரிட் ஐந்நூறு கிலோமீட்டர் சார். ஒண்ணேகால் மணி நேரம். ஒன்பதரைக்கு ஏறினா பத்தே முக்காலுக்கு இறங்கிடலாம்." அதை நம்பி அவர் மாட்ரிட்டில் பன்னிரண்டு மணிக்கு மீட்டிங் வைத்துக்கொண்டார்.

இன்று மதியம் ஒரு மணிக்கு, ஃபைலில் வைப்பதற்காக அவருடைய டிக்கெட்டை பிரிண்ட் எடுத்தாள். மாட்ரிட் சேரும் நேரம் பதினொன்று நாற்பத்தைந்து என்றிருந்தது. நடுவில் ஒரு மணி நேரம் எப்படி ஏறியது? மறு நிமிஷமே உறைத்தது. மாட்ரிட் கடிகாரம் லிஸ்பனைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடும். பெங்களூர் நேரத்தையே கணக்குப் பார்த்துப் பழகியவள், அந்த இரண்டு ஊர்களுக்கும் இடையில் உள்ள நேர வித்தியாசத்தை மறந்துவிட்டாள்.

சாய்கிருஷ்ணாவைக் கூப்பிட்டாள். அங்கே அப்போது காலை எட்டரை மணி; அவர் லிஸ்பன் ஏர்போர்ட்டில் இருந்தார்.

"ஏன் மேடம் இப்படி? ஆறு மாசமா அலைஞ்சு வாங்கின மீட்டிங். ஏர்போர்ட்லேர்ந்து அவங்க ஆபீஸுக்கே முக்கால் மணி நேரம் ஆகுமே."

"தப்பு என்னுது சார். நானே அவங்ககிட்ட பேசறேன். நீங்க தைரியமா ஏறுங்க."

சொல்லிவிட்டாளே தவிர, வெளிநாட்டுக்காரர்களிடம் அவள் மெயிலில்தான் பேசுவாள். போனில் இங்கிலீஷ் தடுமாறும். இருந்தாலும் டயல் செய்தாள். மாட்ரிட்டில் எலேனா என்ற செக்ரட்டரி எடுத்தாள். காந்தா சுற்றி வளைக்கவில்லை. தூரத்தைச் சரியாகச் சொல்லி நேரத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டேன், என்னால்தான் அவர் தாமதமாக வருவார் என்றாள்.

எதிர்முனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. "ஒன்றரைக்கு வரட்டும். எங்க டைரக்டருக்கும் பன்னிரண்டு மணி இழுபறிதான். நாங்க சாப்பிட உட்காரவே ரெண்டரை ஆகும்" என்றாள் எலேனா.

காந்தா இரண்டு முறை தேங்க்ஸ் சொன்னாள். சாய்கிருஷ்ணா விமானத்தில் ஏறும் வரிசையில் நிற்கும்போதே சேதி போய்ச் சேர்ந்தது. "அப்பாடா! உயிர் வந்துச்சு மேடம். ஊட்டா ஆய்த்தா?" என்று, சாப்பிட்டாயிற்றா என்பதைக் கன்னடத்தில் கேட்டார்.

"இனிமேதான் சார்."

மேலதிகாரி கிளாரன்ஸிடமும் அவளே போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். "சரியாயிடுச்சில்ல? போய் சாப்பிடுங்க காந்தா."

ஆறிப்போன சித்ரான்னத்தை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். மூன்றரைக்கு, 'இறங்கிவிட்டேன்' என்று சாய்கிருஷ்ணாவின் மெசேஜ் வந்தது.

சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததுதான் தெரியும், அப்படியே தூங்கிவிட்டாள். "அக்கா, அத்திபெலே பந்து!" என்று, ஊர் வந்துவிட்டதைச் சொல்லி கண்டக்டர் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.