உத்திரத்து வேப்பிலை

பெரம்பலூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் குடியிருந்த காலம். செட்டிகுளம் மலைக்குப் பங்குனி உத்திரத்துக்கு வருகிற அரியலூர்ப் பக்கத்துச் சொந்தம் முழுக்க எங்கள் வீட்டில்தான் மூட்டையை இறக்கும். அந்த மூன்று நாளும் என் வேட்டியை நானே தேடுவேன். யாராவது கட்டிக்கொண்டு மலை ஏறியிருப்பார்கள்.

ஒரு வருஷம் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. என் யோசனைகள் எல்லாம் குளிக்கும்போது தோன்றுபவை. துடைத்துக்கொள்வதற்குள் மறந்துவிட்டால் ஊருக்கு நல்லது. இது மறக்கவில்லை. நிலைப்படியில் ஒரு கொத்து வேப்பிலையைச் செருகினேன். அம்மை போட்ட வீடு என்று அதற்கு அர்த்தம். எவ்வளவு நெருங்கின உறவானாலும் வாசலைத் தாண்டாது.

"ஆத்தா விஷயத்துல விளையாடாதீங்க" என்றாள் மனைவி.

"ஆத்தாளுக்கும் ரெண்டு நாள் நம்ம வூட்ல தங்க இடம் வேணாமா?" என்றேன்.

அரியலூர் பஸ்ஸில் வந்து இறங்கிய கூட்டம் தெருவிலேயே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பியது. ஜன்னல் இடுக்கில் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்தேன். ஆனால் என் தங்கையின் வீட்டுக்காரர் மட்டும் கொண்டுவந்த நிலக்கடலை மூட்டையை வாசலில் வைத்துவிட்டுப் போகலாம் என்று கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தார். உள்ளே வடை வெந்துகொண்டிருந்தது. அம்மை போட்ட வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது. இந்தச் சின்ன விஷயத்தை என் பெரிய மூளை மறந்திருந்தது.

"மச்சான்! ஆத்தா வடை கேட்டாளா?" என்று கேட்டபடி உள்ளே வந்து பத்து வடை தின்றார். அடுத்த ஒரு வருஷம் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் எனக்கு முன்னால் அந்தக் கதை போய் உட்கார்ந்திருந்தது. எனக்கும் பெருமைதான். நானே கைகாலை ஆட்டி நடித்துக் காட்டினேன்.

மறு வருஷ உத்திரத்துக்கு இரண்டு நாள் முன்னால் என் நாலு வயது மகனுக்குக் காய்ச்சல், இருமல், கண் சிவப்பு. பிறகு முகத்தில் மணல் தூவியதுபோல் தடிப்பு. மணல்வாரி அம்மை. மனைவி அழுதுகொண்டே வேப்பிலை செருகினாள். கடுதாசி போட்டால் உத்திரம் முடிந்துதான் போய்ச் சேரும். வேப்பிலையைப் பார்த்துத் திரும்பிவிடுவார்கள் என்று நான் இளநீர் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன்.

திரும்பி வரும்போது வாசலில் வேப்பிலை இல்லை. அது தங்கை வீட்டு மாப்பிள்ளையின் காதில் பூப்போல் இருந்தது. நடையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன மச்சான், இந்த வருஷமும் ஆத்தா தானா? அக்கா வேற நிஜமாவே அழுவுறாங்க. நல்லா பழக்கி வெச்சிருக்கீங்க!"

"மாப்ள, நெசமாத்தான்!"

"போன வருஷமும் இப்படித்தான வேப்பிலை சொருவி வெச்சீங்க?"

அதற்குள் உள்ளிருந்து தங்கையின் குரல் கேட்டது. "அண்ணே, ஒங்க புள்ளைக்கு ஒடம்பு கொதிக்குதுண்ணே." தன் ஒன்பது மாதக் குழந்தையை அவள் என் மகனுக்குப் பக்கத்தில் பாயில் விட்டிருந்தாள். அவன் இருமிக்கொண்டே அதற்குக் கிலுகிலுப்பை ஆட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். தங்கை குழந்தையை வாரி எடுத்தாள். மாப்பிள்ளை காதிலிருந்த வேப்பிலையை எடுத்து எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

மூன்று வாரம் கழித்து, தங்கை குழந்தைக்கு முடியவில்லை என்று ஆள் வந்து சொன்னார். அரியலூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். குழந்தைக்கு அம்மை இறங்கிச் சளி நெஞ்சில் கட்டியிருந்தது. விலா உள்ளே இழுத்து இழுத்து மூச்சு விட்டது. என்னிடம் அன்று ஒரு கேலியும் இல்லை.

அங்கிருந்த டாக்டரிடம் போய், வேப்பிலையை எடுத்ததால்தானா என்று கேட்டேன்.

"வேப்பிலைல ஒண்ணும் இல்லீங்க. இது இருமல்ல, மூச்சுக்காத்துல தொத்துற நோய். தடிப்பு வர்றதுக்கு முன்னாடியே தொத்த ஆரம்பிச்சுடும். அந்தக் கொத்தைப் பாத்து ஜனங்க வெளிய நிக்கிறாங்க பாருங்க, அதுதான் காப்பாத்துது. கைக்குழந்தைய கிட்டயே விடக்கூடாது."

வெளியே நிற்க வைக்கிற அந்த ஒன்றைத்தான் நான் ஒரு வருஷம் ஊர் ஊராகப் போய் நடித்துக் கெடுத்திருந்தேன்.

குழந்தை பிழைத்தது. காதில் சீழ் வைத்து, இடது காது கேட்காமல் போனது. பிற்பாடு இதற்கு ஊசி வந்தபோது என் கடைசிப் பெண்ணை முதல் ஆளாக வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினேன். ஊசி போட வந்த நர்ஸம்மா, "இவ்வளவு ஆர்வமா?" என்று சிரித்தார்.

தங்கையும் மாப்பிள்ளையும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த வடைக் கதையை மட்டும் அவர் பிறகு யாரிடமும் சொல்லவில்லை.

அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். நான் போனால் ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். வழக்கம்போல் ஏதாவது கிண்டல் சொல்வேன். எல்லோரும் சிரிப்பார்கள். அவள் மட்டும் அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, வலது காதை என் பக்கம் திருப்புவாள்.

"மாமா, இன்னொரு தடவ சொல்லுங்க."

சொல்கிறேன். இரண்டாம் தடவை சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.